ஒன்பது மாதம்: சேர்வராயன் மலையிலிருந்து வந்த ஒரு கால்பந்து வீராங்கனையின் முட்டி, ஒரு நிகழ்வு ஆய்வு

அவள் என் கிளினிக்கின் படியேறி வந்தது ஜூன் மாத நடுவில் ஒரு சனிக்கிழமை. வலது காலை முதலில் வைத்து, இடது காலை அதன் பக்கத்தில் இழுத்து வைத்து ஏறினாள். மூன்றே படிதான். அதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. உட்கார்ந்ததும் எங்கே வலிக்கிறது என்று அவள் சொல்லவில்லை. "எத்தனை மாசம் ஆகும்க்கா?" என்றுதான் கேட்டாள்.

சேலத்தில் 14 வருடமாக பிசியோதெரபி பார்க்கிறேன். கபடி, வாலிபால், ஓட்டம் என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர். இந்த ஒரு நிகழ்வை முழுசாக எழுத ஒரே காரணம், இதில் முட்டியை விடக் காத்திருப்பதுதான் கடினமாக இருந்தது. அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "பேரு, ஊரு, கிளப்பு மூணும் வேண்டாம், மத்ததெல்லாம் எழுதுங்க" என்றாள். என் கடைசித் தங்கை வயது அவளுக்கு; அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன்.

வந்தபோது வயது 21. வலது விங்கர், அதாவது மைதானத்தின் வலது ஓரமாக ஓடித் தாக்குபவள். அடிபட்டது இடது முட்டியில், அடிபட்டு ஏழு வாரம் ஆகியிருந்தது.

அதற்கு முன்

ஏற்காட்டைத் தாண்டி உள்ளே போகும் மலைக் கிராமம் ஒன்றில் பிறந்தவள். மலையாளி என்று அழைக்கப்படும் தமிழ்நாட்டு மலைவாழ் பழங்குடிக் குடும்பம். அப்பா, அம்மா இருவருக்கும் காப்பித் தோட்டத்தில் நாள்கூலி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்ட காப்பி, இருநூறு வருடம் கழித்தும் அந்த வீட்டுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறது.

அவள் படித்த பள்ளியின் மைதானம் சரிவாக இருக்கும். ஒரு கோல் போஸ்ட் மேலே, இன்னொன்று கீழே. பந்து வெளியே போனால் காப்பிச் செடிக்குள் உருண்டுகொண்டே போகும், உதைத்தவர்தான் இறங்கிப் போய் எடுத்துவர வேண்டும். "அதுக்குப் பயந்தே பந்தைக் காலை விட்டு விலக விடமாட்டேன்" என்றாள். பிறகு அவள் ஆடியதைப் பார்த்தபோது இது புரிந்தது. மற்ற விங்கர்கள் பந்தை முன்னால் தட்டிவிட்டுத் துரத்துவார்கள். இவள் ஒட்டவைத்தது போல வைத்துக்கொண்டு ஓடுவாள், சட்டென்று உள்பக்கம் வெட்டித் திரும்புவாள். அந்தத் திருப்பம்தான் அவளை மாநில முகாம் வரைக்கும் கொண்டுபோனது. முட்டியைக் கிழித்ததும் அதுவேதான்.

ஏழாம் வகுப்பில் பிடி சார் அவளையும் இன்னும் நான்கு பேரையும் மாவட்டத் தேர்வுக்குக் கூட்டிக்கொண்டு இறங்கினார். 20 கொண்டை ஊசி வளைவு முடிவதற்குள் மூன்று முறை வாந்தி. சேலம் காந்தி ஸ்டேடியத்தில் காலை வைத்தபோது என்ன தோன்றியது என்று கேட்டேன். "கிரவுண்டு படுத்துக் கெடந்துச்சுக்கா" என்றாள். சமமான தரையில் அவள் முதன்முதலாக ஆடியது அன்றைக்குத்தான். எட்டாம் வகுப்பிலிருந்து விளையாட்டு விடுதி, பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி.

அவள் விடுதியில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, 2018 பிப்ரவரியில், தமிழ்நாட்டுப் பெண்கள் அணி கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று முதன்முறையாகத் தேசிய சாம்பியன் ஆனது. பெண்கள் கால்பந்து என்றாலே மணிப்பூர் என்றிருந்த காலம் அது. அடுத்த வருடம் மே மாதம் மதுரையின் சேது எஃப்சி இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று தமிழ்நாடு இரண்டாவது முறையும் பட்டம் வாங்கியது. விடுதிப் பெண்களுக்கு இதெல்லாம் என்னவாக இருந்தது என்பதை அவள் ஒரே வரியில் சொன்னாள்: "இந்துமதி அக்கா மாதிரி ஆகணும்." கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். அந்த ஆசையில் இரண்டும் உண்டு, இந்தியச் சட்டையும் அரசு வேலையும். மலையில் இருக்கும் வீட்டுக்கு இரண்டாவதுதான் முதலில் புரியும். தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குப் போட்டிச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்குப் போட்டியில் இறங்கி ஆடியிருக்க வேண்டும். இதை நினைவில் வையுங்கள், ஏழாம் மாதத்தில் திரும்ப வரும்.

பத்தொன்பது வயதில் ஒரு கிளப் கூப்பிட்டது. ஒப்பந்தம் ஒரு பக்கம், ஆங்கிலத்தில். வாசிக்காமல் கையெழுத்துப் போட்டாள். சீசன் இருக்கும் ஐந்து மாதத்துக்குத் தங்க இடம், சாப்பாடு, மாதம் 12,000 ரூபாய். ஒவ்வொரு வருடமும் அதே தாள். நாட்டின் முதல்நிலை லீக்கில் ஆடும் கிளப்புகள் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்காவது ஆண்டுக்கு 3.2 லட்சத்துக்குக் குறையாமல் ஒப்பந்தம் தர வேண்டும் என்று அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2023இல் அறிவித்தது. இவள் ஆடியது அந்த அடுக்குக்குக் கீழே. ஏப்ரல் முதல் வாரம் சீசன் முடிந்தால் அடுத்த சீசன் வரைக்கும் கையில் ஒன்றும் கிடையாது. 'தொழில்முறை வீராங்கனை' என்று செய்தித்தாளில் எழுதுகிறோமே, அது இவளுக்கு வருடத்தில் ஐந்து மாதம் மட்டும் பொருந்தும் பெயர்.

மீதி மாதங்களுக்குத்தான் செவன்ஸ், அணிக்கு ஏழு பேர் ஆடும் போட்டி.

அடிபட்ட நாளும் வீணான ஏழு வாரமும்

ஏப்ரல் கடைசி. சேலத்துக்குத் தெற்கே ஒரு ஊரில் எழுவர் போட்டி. ஒரு நாளில் மூன்று ஆட்டம், இறங்கினால் 1,500 ரூபாய். வெயிலில் காய்ந்து ஓடு மாதிரி இறுகிய செம்மண் தரை. இரண்டாவது ஆட்டத்தின் பிற்பாதியில் வலது ஓரமாக ஓடியவள், உள்ளே வெட்ட இடது காலை ஊன்றினாள். பூட்ஸின் குமிழ் தரையைப் பிடித்துக்கொண்டது, உடம்பு மட்டும் திரும்பியது. யாரும் அவளைத் தொடவில்லை. உள்ளே 'டப்' என்று சத்தம் கேட்டது என்றாள். எழுந்து நொண்டி, ஐந்து நிமிடம் ஆடியும் பார்த்திருக்கிறாள். இரண்டாவது முறை திரும்பியபோது முட்டி கழன்றது போல மடங்கிவிட்டது. இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி தேங்காய் அளவுக்கு வீங்கியது.

இந்த வகைக் காயம் பார்க்கிற யாருக்கும் இவ்வளவு சொன்னாலே போதும். தானாகத் திரும்பும்போது, சத்தத்தோடு, உடனே வீக்கம். உள்ளே ரத்தம் கசிந்தால்தான் இவ்வளவு சீக்கிரம் வீங்கும். முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கும் நாரான முன் குறுக்கு லிகமென்ட், அதாவது ஏசிஎல், அறுந்திருக்கும் என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அன்று மாலை ஒரு இடத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு உடையவில்லை, சுளுக்குத்தான், பத்து நாள் ஓய்வு என்று சொல்லி அனுப்பினார்கள். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், லிகமென்ட் தெரியாது. 'எக்ஸ்ரே நார்மல்' என்ற இரண்டு சொல்லால் தள்ளிப்போன முட்டிகளை நான் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனசு கொதிக்கிறது. வீக்கம் வடிந்ததும் ஒருவர் முட்டியைக் கையால் சோதித்துப் பார்த்திருந்தால் போதும்.

அம்மா மலைக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டார். முட்டை வெள்ளைக்கருவும் பச்சிலையும் வைத்துப் பன்னிரண்டு நாள். அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். கீழே டாக்டர் சுளுக்கு என்றார், சுளுக்குக்குத் தலைமுறையாகத் தெரிந்த வைத்தியத்தை அவர் செய்தார். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு அவள் நடந்தே போய்வந்தாள். வலி இல்லை. சரியாகிவிட்டது என்று எல்லாரும் நம்பினார்கள்.

ஏசிஎல் அறுந்த முட்டியின் ஏமாற்று வேலை இது. நேராக நடந்தால் ஒன்றும் தெரியாது. அந்த லிகமென்டின் வேலை, கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும் திருகாமலும் பிடித்துக்கொள்வது. திரும்பினால்தான் அது இல்லாதது தெரியும். ஜூன் முதல் வாரம் பள்ளி மைதானத்தில் சின்னப் பிள்ளைகளோடு ஆடிக்கொண்டிருந்தபோது தெரிந்தது. முட்டி மறுபடி மடங்கியது, இந்த முறை உள்பக்கமாகக் கூர்மையான வலி. அந்த இரண்டாவது விழுகையில்தான் மெனிஸ்கஸும், அதாவது முட்டி எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பும், கிழிந்திருக்கும் என்பது என் கணிப்பு. அதற்கு முன் உள்பக்கத்தில் வலியே இருந்ததில்லை.

சோதனையில் கண்டது

இடது தொடை வலதை விட 2 செ.மீ. இளைத்திருந்தது. முட்டியை முழுசாக நீட்ட முடியவில்லை, 10 டிகிரி குறைவு. லேசான வீக்கம். உள்பக்க மூட்டுக்கோட்டில் அழுத்தினால் வலி. முட்டியை 25 டிகிரி அளவு மடக்கி, கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்க்கும் லாக்மன் சோதனையில் வலது முட்டி 'டக்' என்று நின்றது. இடது நிற்காமல் மெத்தென்று வந்துகொண்டே இருந்தது. எலும்பு மூட்டு மருத்துவரிடம் அனுப்பினேன். எம்ஆர்ஐ வந்தது: ஏசிஎல் முழு அறுவு, உள் மெனிஸ்கஸில் கிழிசல்.

மூன்றாவது தடவை வந்தபோதுதான் இன்னொன்றைக் கேட்டேன். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? கொஞ்ச நேரம் பேசவில்லை. சீசன் நடக்கும்போது மூன்று மாதம், நான்கு மாதம் வராமலே இருக்கும், "நல்லதுதானேன்னு விட்டுட்டேன்" என்றாள். ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 9.8தான், ரத்தசோகை. உழைப்புக்குத் தக்க சாப்பாடு உடம்புக்குப் போகாதபோது மாதவிடாய், எலும்பு, தசை, காயம் ஆறுவது எல்லாமே பின்தங்கும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இலேயே இதற்குத் தனிப் பெயர் கொடுத்து எச்சரித்திருக்கிறது. எட்டு வருடம் விடுதி, கிளப், முகாம் என்று இருந்தவளிடம் அதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை. மாஸ்டர்கள் எல்லாம் ஆண்கள், அவர்களிடம் இவளும் சொன்னதில்லை. இரும்புச்சத்து மாத்திரையோடு கேழ்வரகுக் களி, சாமைச் சோறு, கீரை, நாளுக்கு இரண்டு முட்டை என்று எழுதிக் கொடுத்தேன். களியும் சாமையும் அவள் வீட்டுச் சாப்பாடுதான். விடுதிக்கு வந்த பிறகுதான் விட்டுப்போயிருந்தது.

பெண்களுக்கு இந்தக் காயம் ஏன் அதிகம் என்று அவள் அப்பா கேட்டார். கால்பந்தில் ஆண்களைப் போல இரண்டு மூன்று மடங்கு பெண்களுக்கு ஏசிஎல் அறுகிறது என்பது பல நாடுகளில் பார்த்த கணக்கு. இடுப்பு அகலம், முட்டிக்குள் எலும்புப் பள்ளத்தின் அளவு, ஹார்மோன் என்று காரணம் அடுக்குவார்கள். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் நான் பார்க்கிற காரணங்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறவை. இவள் போட்டிருந்தது ஆண் பிள்ளைகளுக்கான பூட்ஸ், அதுவும் ஒரு அளவு பெரிசு, உள்ளே இரண்டு சாக்ஸ். ஜிம் பக்கம் போனதே இல்லை. குதித்து எப்படி இறங்குவது, திரும்பும்போது முட்டி உள்ளே சாயாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நாளுக்கு மூன்று ஆட்டம், காய்ந்த தரை. இவற்றை மாற்ற முடியும், இடுப்பை மாற்ற முடியாது.

அறுவையா, வேண்டாமா

ஏசிஎல் அறுந்த எல்லாருக்கும் கத்தி வேண்டாம். சுவீடனில் 121 இளைஞர்களை வைத்துச் செய்து 2010இலும் 2013இலும் வெளியான ஆய்வில், முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு அறுவை என்று தொடங்கியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஐந்து வருடம் கழித்தும் அறுவை தேவைப்படவில்லை. ஆனால் தொழிலாக ஆடுகிறவர்கள் அந்த ஆய்வில் இல்லை. திருப்பத்தையே தொழிலாக வைத்திருக்கும் விங்கர், கூடவே தைக்கக்கூடிய மெனிஸ்கஸ் கிழிசல். இரண்டையும் சேர்த்துப் பார்த்து அறுவை என்று முடிவானது.

உடனே இல்லை. நீட்ட முடியாத முட்டியோடு அறுவைக்குப் போனால் நீட்ட முடியாத முட்டியோடுதான் வெளியே வரும். ஐந்து வாரம் முன்பயிற்சி கொடுத்து முழு நீட்டலையும் தொடை பலத்தையும் மீட்டோம். ஜூலை மூன்றாம் வாரம் அறுவை. எந்த நாரை எடுத்து லிகமென்டாக வைப்பது என்று நீண்ட பேச்சு நடந்தது. முட்டிச்சில்லுக்குக் கீழே இருக்கும் நாரை எடுத்தால் ஒட்டு உறுதியாக இருக்கும், ஆனால் பலருக்கு மண்டியிட்டால் வலி நிற்கும். தொடையின் பின்தசை நாரை எடுத்தால் அந்த வலி குறைவு, ஆனால் வேகமாக ஓடுகிறவர்களுக்குப் பின்தசை பலம் திரும்பக் கூடுதல் உழைப்பு வேண்டும். மலை வீட்டில் அடுப்பும் கழிப்பறையும் தரையோடு தரை. பந்து நின்றுபோனாலும் அந்த வீட்டில்தான் அவள் உட்கார்ந்து எழ வேண்டும். பின்தசை நார் என்று அறுவை மருத்துவர் முடிவெடுத்தார். சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

காத்திருந்த மாதங்கள்

மெனிஸ்கஸைத் தைத்திருப்பதால் ஆறு வாரம் 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, குந்தக் கூடாது. மலை வீடு ஒத்துவராது. சிவதாபுரத்தில் இருக்கும் சித்தி வீட்டில் தங்கினாள். அங்கே கொலுசு வேலை. காலையிலிருந்து எல்லாரும் தரையில் உட்கார்ந்து சலங்கை கோர்ப்பார்கள். சும்மா இருக்கமாட்டாமல் இவளும் உட்காரப் பார்க்க, சித்தப்பா பழைய மேசை ஒன்றைக் கொண்டுவந்து போட்டு நாற்காலியில் உட்கார வைத்தார். ஒரு ஜோடிக்கு இவ்வளவு என்று அவளுக்கும் கூலி கொடுத்தார்கள். அந்த ஒன்பது மாதத்தில் அவள் கைக்கு ஒழுங்காக வந்த பணம் இது ஒன்றுதான். கிளப்புக்கு எழுதிப் போட்டதற்கு, போட்டியிலும் பயிற்சியிலும் படும் காயத்துக்குத்தான் பொறுப்பு, சீசன் முடிந்து வெளியே ஆடினால் இல்லை என்று பதில் வந்தது. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. அன்றைக்குத்தான் அவள் அதை முழுசாக வாசித்தாள்.

முதல் இரண்டு வாரத்தில் நான் போராடியது ஒரு தலையணையோடு. அம்மா வந்து பார்த்துவிட்டுப் போகும் ஒவ்வொரு முறையும் முட்டிக்கு அடியில் மெத்தென்று ஒரு தலையணை இருக்கும். "கால் வலிக்குமேன்னு வெச்சேன் கண்ணு" என்பார். இதமாகத்தான் இருக்கும், ஆனால் முட்டி மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து முட்டியைத் தொங்கவிடுங்கள், தலையணை தலைக்கு மட்டும் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அவர் அதை மலைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூன்றாம் வாரம் முழு நீட்டல் வந்தது.

மூன்றாம் மாதம்தான் பயமான மாதம். வலி இல்லை, வீக்கம் இல்லை, சைக்கிள் ஓட்டுகிறாள், முகத்தில் களை வந்துவிட்டது. ஆனால் ஒட்டிய நார் உடம்புக்குள் ஒரு முறை செத்துப் பிழைக்கிறது. பழைய செல்கள் போய்ப் புது ரத்தநாளம் வளரும் அந்த வாரங்களில் அது வைத்த நாளை விடப் பலவீனமாக இருக்கும். இதை அவளிடம் நாற்று நடுவதை வைத்துச் சொன்னேன். நட்ட நாற்று முதலில் வாடும், பிறகுதான் வேர் பிடிக்கும். நாற்றைப் பிடுங்கிப் பார்த்து வேர் விட்டதா என்று சோதிக்க முடியாது. புரிந்துகொண்டாள்.

நான்காம் மாதம் மெல்லோட்டம். ஐந்தாம் மாதம் மலையில் காப்பிப் பழம் பறிக்கும் காலம், வீட்டில் ஆள் தேவை. ஏறிப் போனாள். நான் அனுமதித்தது ஏறுவதற்கு மட்டும். பழ மூட்டையோடு சரிவில் இறங்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன், ஏனென்றால் இறக்கத்தில்தான் தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் போட வேண்டும். கேட்டுக்கொண்டாள். அந்த மாதம்தான் பெண் கேட்டும் வந்தார்கள். அப்பா கோபக்காரர் இல்லை. "கால்ல ஒரு தடவ கத்தி வெச்சாச்சு. இதோட போதும்னு தோணுது சாமி" என்றுதான் போனில் என்னிடம் சொன்னார். எனக்குப் பதில் சொல்ல நேரமானது. பந்தாட்டம் உங்கள் பெண்ணுக்கு இதுவரை என்ன கொடுத்தது என்று அவர் கேட்டிருந்தால் என்னிடம் கணக்கு இல்லை. அவர் கேட்கவில்லை. "ஒன்பது மாசம்னு சொன்னீங்க, அதுவரைக்கும் நிறுத்தி வெக்கிறேன்" என்றார்.

ஏழாம் மாதம்

பிப்ரவரியில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி. அவள் கல்லூரியில் கடைசி வருடம். அதில் இறங்கினால் கிடைக்கும் சான்றிதழ் வேலை ஒதுக்கீட்டுக்கு உதவும், அடுத்த வருடம் அந்த வாய்ப்பே இல்லை. மாஸ்டர் நல்ல மனிதர். அவளை முழு ஆட்டம் ஆடச் சொல்லவில்லை, கடைசிப் பத்து நிமிடம் இறங்கி ஓரமாக நின்றால்கூடப் போதும், பெயர் ஏறிவிடும் என்றார். அவளும் அதே எண்ணத்தோடு வந்தாள். "பத்து நிமிஷம்தானேக்கா."

அன்று சோதித்துப் பார்த்தேன். தொடை முன்தசையின் பலம் வலதில் 100 என்றால் இடதில் 78. ஒற்றைக்கால் தாவலில் 84. இரண்டும் 90ஐத் தாண்ட வேண்டும். குதித்து இறங்கியபோது முட்டி இன்னும் லேசாக உள்ளே சாய்ந்தது.

நார்வேயில் 106 பேரைத் தொடர்ந்து பார்த்து 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை அவளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். ஒன்பதாம் மாதம் வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி அடிபடுவது 51 சதவீதம் குறைந்தது. சோதனைகளைத் தேறாமல் திரும்பியவர்களில் 38 சதவீதம் பேருக்கு முட்டியில் மறுபடி காயம், தேறித் திரும்பியவர்களில் ஆறு சதவீதம் பேருக்குக்கூட இல்லை. வாசித்து முடித்ததும், "அலெக்சியா எத்தனை மாசம்?" என்று கேட்டாள். ஸ்பெயினின் அலெக்சியா புட்டெயாஸ், 2022 ஜூலையில் ஐரோப்பியக் கோப்பைக்கு முந்தின நாள் ஏசிஎல் அறுந்தவர். உலகின் சிறந்த வீராங்கனை என்ற பட்டம் கையில் இருந்த நேரம். அவர் ஆட்டத்துக்குத் திரும்ப ஏறக்குறைய பத்து மாதம் ஆனது, பிறகு 2023 உலகக் கோப்பையை வென்ற அணியிலும் இருந்தார். "பத்து மாசம்" என்றேன். "அவங்களுக்கு சான்றிதழ் தேவையில்லல்ல" என்றாள்.

அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? அவருக்குப் பின்னால் ஒரு பெரிய கிளப் முழுசாக இருந்தது. இவளுக்குப் பின்னால் சித்தி வீட்டு மேசையும் அப்பா கொடுத்த கெடுவும்தான் இருந்தன. வேண்டாம் என்று சொன்னேன். எழுதியும் கொடுத்தேன், மாஸ்டர் மேல் பாரம் விழக் கூடாது என்பதற்காக. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அதற்கான விலையை நான் கொடுக்கவில்லை, அவள்தான் கொடுத்தாள். அணியோடு போய், பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தாள். ஆடியவர்களுக்குச் சான்றிதழ் வந்தது. ஒரு வாரம் கிளினிக்குக்கு வரவில்லை, போனும் எடுக்கவில்லை.

எட்டாவது நாள் வந்தாள். அடிவாரத்திலிருந்து ஏற்காடு சாலையில் காலை ஐந்தரைக்கு ஓட ஆரம்பித்திருப்பதாகச் சொன்னாள், முதல் வளைவு வரை ஏறி, மெதுவாக இறங்கி. நான் சொல்லாமல் செய்தது, ஆனால் பயிற்சி சரியாகவே இருந்தது. இறக்கத்தை எண்ணி எண்ணி, ஒவ்வொரு காலடியும் சத்தமில்லாமல் வைக்கிறேன் என்றாள். இறங்கும் சத்தம் குறைந்தால் முட்டிக்குப் போகும் அடி குறைந்தது என்று அர்த்தம். அதை மூன்று மாதமாக அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திரும்பிய பிறகு

ஏப்ரல் கடைசியில், ஒன்பது மாதம் முடிந்து ஒரு வாரத்தில் சோதித்தேன். முன்தசை 93, தாவல் 95, நீட்டல் இரண்டு பக்கமும் சமம். ஹீமோகுளோபின் 12.1, மாதவிடாய் ஐந்து மாதமாக ஒழுங்கு. அதன் பிறகும் ஒரு மாதம் பயிற்சியில் மட்டும், முதலில் யாரும் மோதாமல், பிறகு மோதலோடு. ஜூன் முதல் வாரம் ஒரு நட்பு ஆட்டத்தில் 20 நிமிடம் இறங்கினாள். முதல் பந்து வந்தபோது உள்ளே வெட்டாமல் பின்னால் தள்ளிவிட்டாள். இரண்டாவதும் அப்படியே. பதினான்காவது நிமிடம் வெட்டினாள். இடது காலை ஊன்றி, முட்டி நேராக. நான் ஓரத்தில் நின்று அழுதுவிட்டேன், அதை மறைக்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. கல்யாணப் பேச்சை அப்பா அதன் பிறகு எடுக்கவில்லை.

சான்றிதழ் விட்டுப்போன வருத்தம் தீரவில்லை. மாநில அணிக்கு மறுபடி தேர்வானால் தேசியப் போட்டியில் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் உறுதி இல்லை. இந்திய அணி 2025 ஜூலையில் தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்ற இரவு, அவள் எனக்கு அனுப்பிய குரல் செய்தியில் சொல் எதுவுமே இல்லை, வெறும் கூச்சல்.

சனி, ஞாயிறு மலைக்குப் போனால் அதே சரிவு மைதானத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இருபது நிமிடம் '11 பிளஸ்' செய்ய வைக்கிறாள். ஆட்டத்துக்கு முன் செய்ய ஃபிஃபா உருவாக்கிய தயார்ப் பயிற்சி அது: ஓட்டம், ஒற்றைக்கால் நிலை, பின்தசைப் பயிற்சி, குதித்து இறங்குதல், வெட்டித் திரும்புதல். காசு செலவே இல்லை. நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் செய்து பார்த்து 2008இல் வெளியிட்டபோது காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அவளுக்கு எட்டாம் வகுப்பிலேயே யாராவது இதைச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். "சத்தம் கேக்காம குதி" என்று அவள் அந்தப் பிள்ளைகளிடம் சொல்லும் காணொளியை எனக்கு அனுப்பினாள். ஒரு பெண் வெறுங்காலோடு குதித்து, சத்தம் வந்ததா என்று திரும்பிப் பார்க்கிறாள்.

போன வாரம் புது ஒப்பந்தத்தோடு வந்தாள், வேறு கிளப். இதுவும் ஆங்கிலம்தான், மூன்று பக்கம். என் மேசையில் வைத்து வரிவரியாக வாசித்துத் தமிழில் சொன்னேன். சீசனில் அடிபட்டால் சிகிச்சைச் செலவு கிளப்புடையது என்று இருக்கிறது, குணமாகும் வரை சம்பளம் உண்டா என்று இல்லை. சீசன் முடிந்த மாதங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பேனாவை வாங்கி, இரண்டாம் பக்க ஓரத்தில் இரண்டு கேள்வியையும் தமிழிலேயே எழுதினாள், கையெழுத்துப் போடாமல் படம் எடுத்துத் திருப்பி அனுப்பினாள். பதில் இன்னும் வரவில்லை. அடுத்த சோதனையைத் தை மாதத்துக்குக் குறித்திருக்கிறேன், காப்பிப் பழம் பறித்து முடித்துவிட்டு வருவதாகச் சொன்னாள்.